அண்ணன் தூவிய பனி

ரொட்டி டப்பா நிறைய வெள்ளைப் பஞ்சு. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பா அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுப்பார். துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. எஞ்சின் அறையில் சூட்டுக் குழாய்களைச் சுற்றியிருக்கும் பழைய உறையைச் சுரண்டும்போது உதிர்கிற அஸ்பெஸ்டாஸ்தான் அந்தப் பஞ்சு. ஒரு வருடம் மெழுகுவர்த்தி சாய்ந்து, பனிக்காகப் பருத்திப் பஞ்சு வைத்திருந்த எங்கள் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை ஆடுமாடுகளோடு எரிந்துபோனது. இது எரியாது என்று அப்பாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு தூத்துக்குடி வெக்கையில் எங்கள் வீட்டுப் பாலன் இயேசுவுக்கு மட்டும் தீப்பிடிக்காத பனி பெய்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும்.

அதைத் தூவுகிற உரிமை அண்ணனுக்கு மட்டும்தான். உள்ளங்கையில் வைத்து வாயருகே கொண்டுபோய் ஊதி ஊதித் தூவுவான். தங்கச்சி நான் டப்பாவைத் தொட்டால், "ஏளா, தள்ளி நில்லு, நீ கொட்டிருவ" என்பார் அப்பா. அவருக்கு ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. சுண்ணாம்பு நான். வருகிறவர்களும் அண்ணனைப் பார்த்து, அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்பார்கள். என்னை யார் மாதிரி என்று ஒருவரும் சொன்னதில்லை. பதினெட்டு வயதில் அவனையும் பட்டறைக்கே கூட்டிப்போனார். சாயங்காலம் இருவரும் தலையில் ஒரே வெள்ளைத் தூசியோடு சிரித்துக்கொண்டு வருவார்கள். எனக்கு வயிறு எரியும். இப்போது ஐம்பத்திரண்டு வயது, அணைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன வருடம் அண்ணனின் நுரையீரல் உறையில் நீர் கோத்தது. மதுரை டாக்டர் மீசோதீலியோமா என்றார். அந்தத் தூசியின் இழை உள்ளே போய்ப் பல பத்தாண்டுகள் கிடந்து புற்றுநோயாகுமாம். ஆனால் தூசி பட்ட எல்லோருக்கும் வருவதில்லையாம். பிறக்கும்போதே மரபணுவில் ஒரு பழுது இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தூசிகூடப் பெரிய கேடு என்றார். அப்பாவும் நெஞ்சில் நீர் கோத்துத்தான் இறந்தார் என்பதையும், அப்பாவின் அக்காவுக்குக் கண்ணில் புற்று வந்ததையும் கேட்டுவிட்டு, கண்புற்றும் அதே பழுதால் வரலாம் என்று சொல்லி, எங்கள் இருவர் இரத்தத்தையும் பரிசோதிக்கச் சொன்னார். பெற்றவரிடம் அந்தப் பழுது இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் மகளை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு வந்தது. அண்ணனுக்கு இருந்தது, எனக்கு இல்லை. மாதாவுக்கு நன்றி சொல்ல வேண்டிய அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியதைப் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை. அப்பா இதையும் அவனுக்கே கொடுத்துவிட்டார் என்று தோன்றியது. அவரிடமிருந்து எனக்கென்று எதுவுமே வரவில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் மூச்சு வாங்க எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அழாதளா. ஒனக்கும் புள்ளைக்கும் இல்லேல்லா, எனக்கு அது போதும்" என்றான்.

அவனுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் தலையைத் தடவினான். நான் தடவ விட்டேன்.