தராசு அக்காவும் வாசல் செருப்பும்

கதவைத் தட்டுமுன் தராசு அக்கா குனிந்து வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்க்கிறார். உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லும் வீடுகளுக்குப் பதினோரு வருடமாகப் படியேறி இறங்கியதில் வந்த பழக்கம். பொய் சொல்ல எல்லோருக்கும் தெரியும். செருப்பை எடுத்து உள்ளே வைக்கத்தான் ஒருவருக்கும் தோன்றாது. "பொய்யையாவது ஒழுங்காச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று அலுத்துக்கொள்வார்.

கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. தோளை இழுக்கும் பையில் பிரஷர் பார்க்கும் கருவி, இரண்டு துணிப் பொம்மைகள், மூலை மடங்கிய படிவங்கள், அப்புறம் அந்தத் தராசு. குழந்தையை அதில் கிடத்தியதும் எல்லா அம்மாக்களும் கேட்பது ஒரே கேள்வி: "பக்கத்து வீட்டுப் பாப்பா எத்தனை கிலோக்கா?" அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன் பிள்ளைய நான் சந்தைக்கா கொண்டுபோறேன்?" என்பார்.

பிள்ளையிடம் தினமும் பேசுங்கள் என்று ஒரு அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரம் போனால், தொட்டிலில் கைப்பேசி பாடிக்கொண்டிருக்கிறது. "அது நாள் பூரா பேசுதுக்கா" என்றான் அவன், பெருமையாக. அன்று அக்காவின் குரல் தெருமுனை வரை கேட்டதாம்.

வாய்தான் அவருக்குச் சத்துரு. திட்டிவிட்டு, படி இறங்கும்போதே வருந்துவார். ஆனால் திரும்பிப்போய்ச் சமாதானம் சொல்ல மாட்டார், முட்டிவலியாம். எந்த வீட்டிலும் தரையில் உட்காரமாட்டார். நாற்காலி கேட்டு வாங்குவார்.

மூன்றாம் மாடிப் பெண் அப்படித்தான் கைநழுவினாள். முதல் பிரசவம், எட்டாம் மாதம். ஒரு பரிசோதனைக்குப் போகத் தவறியதற்கு அக்கா அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அதன்பின் இரண்டு தடவை அந்தக் கதவு திறக்கவில்லை. மூன்றாம் தடவையும் திறக்காவிட்டால் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. "விதி எழுதினவன் ஒரு மாடியாவது ஏறியிருப்பானா?" என்று முனகிக்கொண்டே இன்று தூறலில் நனைந்து ஏறினார்.

வாசலில் இரண்டு சோடி. அவளுடைய பூப்போட்ட செருப்பில் தூசி படிந்திருந்தது. கணவனின் பெரிய ரப்பர் செருப்பு சொட்டச் சொட்ட ஈரம். அவனோ ஆறு மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன். அப்படியானால் இதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வந்தவள் இவள்தான். ஏன்? 

தட்டினார்.

"வீட்ல யாரும் இல்ல" என்றது உள்ளிருந்து அவள் குரலேதான்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. 'அப்போ யாருடி பேசறது?' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டதைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"உன் செருப்பு கால்ல நுழையலையாம்மா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.

குரல் கதவருகே வந்தது. "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"கால் வீங்கியிருக்கா? தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா. கண்ணுக்கு முன்னால என்னமோ மின்னுது. உங்களக் கூப்பிடலாம்னுதான் நினைச்சேன். திட்டுவீங்களோன்னு..."

தாழ்ப்பாள் விலகியது. பிரஷர் கருவி காட்டிய எண்ணைப் பார்த்த கையோடு அக்கா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். விலாசத்தை மூன்று தடவை கேட்டவனிடம் மட்டும் கத்தித் தீர்த்தார்.

வாசல் வரை வந்த பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா? என்னைத் திட்டவே இல்லையே நீங்க" என்றாள், அழுகையோடு. திட்டியிருந்தால் தைரியமாக இருந்திருக்கும் போல.

அக்கா பையைக் கீழே வைத்தார். முட்டி நறநறக்க ஈரத் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய செருப்பை எடுத்துத் தன் புடவைத் தலைப்பால் துடைத்து, அவள் காலில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார்.