வருடத்துக்குக் கீழே ஒரு புள்ளி

எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குப் பழைய வெள்ளிக் காசுகள் மட்டும் அத்துப்படி. ஒரே வருடத்துக் காசிலும் அச்சுக்கு அச்சு புள்ளிகள் மாறும். விழுப்புரத்தில் வாங்கிய விக்டோரியா ராணி ரூபாயோடு நண்பன் சலீம் திண்டிவனத்துக்கு வந்தான்.

"பாருடா, தேறுமா?"

லென்ஸில் பார்த்தேன். வருடத்துக்குக் கீழே கூடுதலாக ஒரு புள்ளி. பத்து வருடமாக நான் தேடிய அரிய அச்சு! நேற்றுச் சேர்க்க ஆரம்பித்தவனுக்கா? வயிறு எரிந்தது.

"சாதாதான்டா" என்றேன்.

"நீ சொன்னா கரெக்டு. புதையல்னு நெனச்சிக்கினு ஓடியாந்தேன் பாரு!" என்று சிரித்தான். "நீயே வெச்சிக்கடா."

வாங்கிக்கொண்டேன். என் காசுப் பெட்டியில் போட்டு மூடினேன்.

இப்போது அவன் வந்தாலே பெட்டியை மூடிவிடுகிறேன். லென்ஸைக் கேட்பானோ என்று அதையும் ஒளித்துவைக்கிறேன். காசு என்னிடம் வந்தும் பொறாமை போகவில்லை. அன்று அதைக் கொடுத்துவிட்டு, பாட்டு முணுமுணுத்தபடி பஸ் ஏறினானே, அந்த மனசின் மேல்.