இரவல் பெஞ்சுகள்

தொண்ணூறுகளின் கடைசியில், கல்வராயன் மலையில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஓர் ஊரில் இருசம்மாள் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு கிடைத்த வேலை. பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு ஓட்டுக் கொட்டகை. எல்லா வகுப்பும் அதற்குள்தான். மழை பிடித்தால் பிள்ளைகள் அவளுடைய அடுப்படியில் வந்து ஒண்டிக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டுச் சடையன் மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்பவன். மூன்றாம் வகுப்பு முடித்த மகள் அம்சவள்ளி தன் பெயரை எழுதத் திணறியது அவனுக்குப் பொறுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலைப் பிடித்து ஐகோர்ட்டில் வழக்குப் போட்டான். மலைப் பள்ளிகளுக்கென்று சர்க்கார் ஒதுக்கும் பணம் மலைக்கு ஏன் வந்து சேர்வதில்லை, கீழே இருக்கும் பள்ளிகளுக்குக் கட்டடமும் வாத்தியார்களும் கிடைக்கும்போது தன் ஊருக்கு மட்டும் ஏன் இல்லை என்பதுதான் வழக்கு. ஊரே சிரித்தது. இருசம்மாள் சிரிக்கவில்லை.

"வுடாத சடையா. நீ கேக்கறது நாயந்தான்" என்றாள்.

பள்ளியை நேரில் பார்த்துவரச் சொல்லிக் கோர்ட்டு ஒரு பெண் வக்கீலை அனுப்பியது. அவர் வருவதற்கு முந்தின நாள் லாரி ஒன்று மலையேறி வந்தது. அடிவாரத்துப் பள்ளியின் பெஞ்சுகளும் கரும்பலகையும் இறங்கின. கூடவே இரண்டு வாத்தியார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். உடன் வந்த அதிகாரி அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"இந்தாம்மா, இதெல்லாம் எப்பவும் இருக்கறதுன்னு சொல்லணும், இன்னா? ஏடாகூடமா வாய வுட்டா வேற ஆளு வந்து சோறாக்கும்."

மறுநாள் வக்கீலம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார். "இந்தப் பெஞ்செல்லாம் எப்ப வந்துதுங்கம்மா?"

சடையன் சற்றுத் தள்ளி நின்று இருசம்மாளையே பார்த்தான். வழக்குப் போட்டவன் பேச்சு எடுபடாது. பள்ளியில் வேலை செய்கிறவள் சொன்னால் எடுபடும்.

"ரொம்ப நாளா கீதுங்க" என்றாள் இருசம்மாள்.

அந்தப் பேச்சை வைத்து வழக்கு தள்ளுபடியாயிற்று. பெஞ்சுகள் அதற்கு முன்பே லாரி ஏறிவிட்டன.

சடையன் சண்டைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் கூசியது. சில மாதங்களில் அவன் குடும்பத்தோடு மூட்டை கட்டினான். கேரளாவில் மிளகு பறிக்கும் வேலை. இருசம்மாள் பஸ் நிற்கும் இடம்வரை ஓடினாள்.

"அம்சாவ எங்கிட்ட வுட்டுட்டுப் போ சடையா. நா படிக்க வெக்கறேன்."

"எங்க ஒக்கார வெச்சிப் படிக்க வெப்பக்கா? அந்தப் பெஞ்சிலயா?"

பஸ் போய்விட்டது. அவள் வீடு திரும்பவில்லை. அடுத்த பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போய், சடையனின் வக்கீல் முன்னால் நின்றாள்.

"நா கோர்ட்டுக்குப் பொய் சொல்லிட்டங்க."

"இத எழுதிக் குடுத்தா உங்க வேல போயிடும்மா."

"போவட்டுங்க."

போயிற்று. வழக்கு மறுபடியும் உயிர் பெற்று வருஷக்கணக்கில் நடந்தது. இருசம்மாள் கிழங்குக் காட்டில் களையெடுத்தாள். கடைசியில் கோர்ட்டு உத்தரவு போட, கட்டடம் எழுந்தது, வாத்தியார்களும் வந்தார்கள். திறப்பு விழாவுக்கு அழைத்தபோது உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பொங்கலுக்குச் சடையன் ஊருக்கு வந்தான். அம்சவள்ளி இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள்.

"ஒன்னாலதான்கா கட்டடம் வந்துது" என்றான் சடையன்.

"வந்துது. இவளுக்கு வரலியே."

பிறகு அம்சவள்ளியின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்குப் பொய் சொன்னது நாந்தான் கண்ணு."

"தெரியும் பெரிம்மா. கேரளாவுக்குப் போற வழியிலயே அப்பா சொல்லிச்சி" என்றாள் அம்சவள்ளி. குரலில் கோபமில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.