உப்பு கழுவும் வால்வு

என் வீட்டுக்காரரைப் படகுத்துறையில் உப்பு டாக்டர் என்பார்கள். படகின் வயிற்றுக்குள் இருக்கும் இஞ்சின் கடல்நீரை உறிஞ்சித்தான் சூடு தணிக்கும். நிறுத்திய பிறகு அந்த உப்பு உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். அதை நல்ல தண்ணீரால் கழுவ ஒரு வால்வும் குழாயும் பொருத்திக் கொடுப்பது அவர் பிழைப்பு. மனுஷன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். இஞ்சினோடு மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கக் கூடவே போகும் எனக்கு ஒரு 'ம்' கூடக் கிடைக்காது.

என் தம்பி படகுக்கும் அவர்தான் பொருத்தினார். கரையிலிருந்து ஹோஸ் இழுக்க அந்தச் சோம்பேறிக்கு உடம்பு வளையாது. அதனால் படகில் இருக்கும் குடிதண்ணீர் டேங்கிலிருந்தே குழாய் கொடுத்தார். வால்வை இந்தப் பக்கம் திருப்பினால் கடல், அந்தப் பக்கம் திருப்பினால் டேங்க். கரைக்கு வந்து கட்டிய பிறகுதான் கழுவ வேண்டும், நடுக்கடலில் தொட்டால் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்று படித்துப் படித்துச் சொன்னார்.

மழைக்காலம் தொடங்குமுன் அவன் தனியாகக் கடலுக்குப் போனான். பிறகு படகு மட்டும் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. பார்த்த படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இஞ்சினை யாரும் தொடவில்லை.

தம்பி மனைவி அழவில்லை. அவர் தவறி விழுந்தாரா, தானாகப் போனாரா, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

நாங்கள் இருவரும் படகில் இறங்கினோம். உள்ளே எல்லாம் துடைத்து வைத்திருந்தது. என் தம்பியாவது, துடைப்பதாவது! தின்ற தட்டை நகர்த்தாதவன். இஞ்சின் மூடியின் மேல் அவன் சட்டை மடித்து வைத்திருந்தது. டேங்கைத் தட்டினேன், காலி. மூடியைத் தூக்கினோம். வால்வு டேங்க் பக்கம் திரும்பியிருந்தது.

கழுவி நிறுத்தினால் இனி ஓட்டப்போவதில்லை என்று அர்த்தம். நடுக்கடலில், குடிக்க ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் கழுவியிருக்கிறான். படகாவது பெண்டாட்டிக்கு நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று. பாவி, படுபாவி.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வால்வைக் கடல் பக்கம் திருப்பிவிட்டு, கைப்பிடியைத் துணியால் துடைத்தார்.

கரையில் நின்றவளிடம், "கால் வழுக்கியிருக்கணும்மா," என்றார்.

அவள் தலையாட்டினாள். பிறகு, இஞ்சினை ஒரே ஒரு தடவை ஓடவிடுங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர் மறுபடி உள்ளே போனார். இஞ்சின் இருமியது, உறுமியது, பிடித்துக்கொண்டது. அவன் கரை சேரும் நேரத்துச் சத்தம் அது. இதோ உள்ளிருந்து ஏறி வந்துவிடுவான் என்று நானே ஒரு கணம் பார்த்தேன்.

கரையை ஒட்டி நின்ற பின்பக்கத்தில், புகைக்குழாய் இஞ்சினைச் சுற்றிவந்த தண்ணீரைப் புகையோடு பீச்சியது. கழுவல் போதுமா என்று அறிய எங்களிடம் கருவி ஏது, நாக்குதான். புருஷன் கரைக்கு வந்த நாளெல்லாம் அவள்தான் வைத்துப் பார்ப்பாள். இஞ்சினுக்குள் தங்கியிருப்பது முதலில் வரும், கடல் பின்னால்தான் வரும். இது எனக்கு உறைப்பதற்குள் அவள் குனிந்து, அந்த முதல் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துவிட்டாள்.

"உப்பே இல்ல அண்ணி," என்றாள்.