சத்தமில்லாமல் நகர்ந்த சக்கரம்

போன வருஷம் தை மாதம், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையார் கோயில் வாசலில் நடந்தது இது.

நான் மணப்பெண் அலங்காரம் செய்பவள். முகூர்த்த நாள் என்றால் காலையில் வாலாஜாபாத்தில் ஒரு பெண், மாலை வரவேற்புக்கு ஊருக்குள் இன்னொரு பெண் என்று ஒரே ஓட்டம்தான். ஓட்டம் என்று பேருக்குத்தான் சொல்கிறேன். பட்டு எடுக்க வரும் வெளியூர் வண்டிகளும் கோயிலுக்கு வரும் பஸ்களும் சேர்ந்துகொண்டால் எங்கள் ஊரில் கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். நின்ற இடத்திலேயே பெட்ரோல் தீர்ந்துகொண்டிருக்கும். அப்போதுதான் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் மேல் ஆசை வந்தது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது பேட்டரியே வண்டியை இழுத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டதும், இது நமக்காகவே செய்த வண்டி என்று முடிவுகட்டிவிட்டேன்.

என் கணவருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அவர் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பவர். மயில் கழுத்தின் வளைவில் ஒரு கட்டம் தள்ளிப்போனாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதர் சும்மா விடுவாரா? புதுசு நமக்குக் கட்டாது, பழசு வாங்கினால் பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது, அதை மாற்ற ஆகும் செலவில் மிச்சம் பிடித்த பெட்ரோல் எல்லாம் போய்விடும், பழுதானால் சென்னைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அடுக்கினார். நானும் சளைக்கவில்லை. சாப்பிடும்போதும் இதே பேச்சு, துணி மடிக்கும்போதும் இதே பேச்சு. கடைசியில் ஒருநாள், "நீ சம்பாரிக்கற, நீ ஓட்டப்போற. வாங்கிக்கோ. நாளைக்கு என்னாண்ட வந்து அழுவாத, அவ்ளோதான்" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

சென்னையில் ஒரு பழைய ஹைபிரிட் கார் கிடைத்தது. விற்ற இடத்து ஆளே அதை ஓட்டிவந்து, நேராகக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். அதுவரை அந்தக் காரை நான் ஓட்டியது, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் ஒரே ஒரு சுற்று மட்டும்தான். பிரேக்கை மிதிக்கணும், பட்டனை அழுத்தணும், கியரைத் தள்ளணும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்.

குருக்கள் மாலை சாத்தி, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "வண்டிய எடுங்கோ" என்றார். நான் ஏறி உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடியே பிரேக், பட்டன், கியர் எல்லாம் செய்தேன். ஒரு சத்தமும் இல்லை. இஞ்சின் உறுமலைக் கேட்டே பழகிய எனக்கு, வண்டி ஆன் ஆகியிருக்கிறதா இல்லையா என்றே புரியவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என் கணவரைக் கூப்பிடலாம் என்று பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து, இடது பக்கச் சக்கரத்தடியில் வைத்திருந்த பழம் உருண்டு ஓடியிருக்கிறது. அதை எடுத்து மறுபடி வைக்க என் கணவர் அங்கே குந்தியிருக்கிறார். எனக்கு அது தெரியவில்லை, கியரில் இருந்த வண்டி பேட்டரியிலேயே சத்தமில்லாமல் ஊர ஆரம்பித்ததும் தெரியவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான் அது. வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுப்பார்கள். அவரும் அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தார்.

கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர்தான் கவனித்திருக்கிறார். அதற்கு முன் அவரிடம் நான் ஒரு முழம் பூகூட வாங்கியதில்லை. "நிறுத்துமா! சக்கரம் நவுருது, நிறுத்து!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, என் கணவரின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். நான் பிரேக்கை மிதித்தேன். பழம் நசுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

இறங்கி ஓடினேன். என் கணவரின் வலது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன். மவுஸைப் பிடித்து மயிலும் மாங்காயும் வரைகிற கை. புறங்கையில் எலுமிச்சைச் சாறு தெறித்திருந்தது, அவ்வளவுதான். நடுத்தெரு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன். இந்த வண்டியே வேண்டாம், இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். "சொன்னேன் இல்ல" என்று அவர் ஆரம்பிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவரோ சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டே, "வண்டி மேல இன்னா தப்பு? சத்தம் வரும்னு நானும்தான் காத தீட்டிக்கினு குந்தினு இருந்தேன். பேட்டரி, மெக்கானிக்குன்னு எவ்ளோ பேசினோம், இது ரெண்டு பேருக்கும் தோணல பாரு" என்றார்.

பூக்கடை அம்மாவுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "இன்னா வண்டிமா இது, பூனையாட்டம் வருது!" என்று என்னைத் திட்டினார். திட்டிவிட்டு அவரே காருக்கு முன்னால், எனக்குத் தெரிகிற தூரத்தில் போய் நின்று, எல்லோரையும் விலக்கிவிட்டு, "இப்ப வாமா, மெதுவா வா" என்று கையாட்டினார். அவர் கையைப் பார்த்தபடியேதான் அந்தக் காரை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு வருஷம் ஆகிறது. ஊருக்குள் பெட்ரோல் நன்றாகவே மிச்சமாகிறது. நெடுஞ்சாலையில் நான் நினைத்த அளவுக்கு இல்லை. பின்னால் பேட்டரி இடத்தை அடைத்துக்கொள்வதால் மேக்கப் பெட்டிகளில் ஒன்றை மடியில் வைக்காத குறைதான். சர்வீஸுக்குச் சென்னை போய் வருவதில் ஒரு நாள் பாழ். பேட்டரி பயமும் போகவில்லை. ஆனால் விடியற்காலை முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது தெருவில் ஒரு குழந்தையின் தூக்கமும் கலைவதில்லை. நெரிசலில் நிற்கும்போது பழைய எரிச்சலும் இல்லை. ஒவ்வொரு முறை எடுப்பதற்கு முன்பும் இறங்கி ஒரு சுற்று வந்து, ஆள் நடமாட்டம் இருந்தால் "எல்லாரும் தள்ளிக்கோங்க" என்று குரல் கொடுக்கிறேன். தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வண்டி லாபமா நஷ்டமா என்று இப்போது பலரும் என்னிடம் கேட்கிறார்கள். லாபம்தான் என்று மனதாரச் சொல்கிறேன். ஆனால் சொல்வதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து டிசைன் போட்டுக்கொண்டிருக்கும் அவருடைய விரல்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவை அங்கே அசைந்துகொண்டிருப்பதால்தான் என்னால் லாபம் என்ற வார்த்தையையே சொல்ல முடிகிறது.