அழுத்திய விரலும் அடுத்த சொல்லும்

வாப்பா முப்பது வருடம் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் பஸ் ஓட்டியவர். கதைக்காமல் ஒரு மைல்கட்டை தூரம்கூட ஓட்டமாட்டார். பக்கவாதம் வந்து அந்த வாயைப் பூட்டிப்போட்டது. மிஞ்சியது கண்ணும் வலது கையின் ஆள்காட்டி விரலும்தான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். பெற்றவர்கள் மகளோடு இருப்பார்கள். நான் மருதமுனையில் மாப்பிள்ளை. வாப்பா சாய்ந்தமருதில் என் தங்கை வீட்டில் படுத்திருந்தார். பின்னேரம் அசர் தொழுதுவிட்டுப் போவேன், பொழுதுபட்டதும் தொழும் மஃரிபுக்கு முன்னால் கிளம்பிவிடுவேன். சொந்த வாப்பாவை விருந்தாளி மாதிரி நேரம் பார்த்துப் போய்ப் பார்த்துவந்தேன்.

கணினி நிரல் எழுதுவது என் பிழைப்பு. அவருக்காக ஒன்று எழுதினேன். கறுப்புத் திரையில் சொற்கள் ஒவ்வொன்றாகப் பெரிதாக வரும். வேண்டிய சொல் வரும்போது ஒரு விசையை அழுத்தினால் போதும். முதலில் எழுதியது ஒன்றுக்கும் உதவவில்லை. யாராவது விசையை அழுத்தும்வரை முதல் சொல்லிலேயே நின்றது, அழுத்தினால் என்டர் விசையையும் கேட்டது. ஒற்றை விரல்காரரிடம் இரண்டு விசை கேட்ட என் புத்தியை என்னவென்று சொல்ல! பிறகு மாற்றினேன். நிரல் இனிக் காத்து நிற்காது. விசை ஏதும் விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும், இல்லையென்றால் அடுத்த சொல்லுக்குப் போய்விடும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று நொடி. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று இடையில் ஒரு நொடி வெறும் திரை.

முதல் நாள் அவர் 'தேத்தண்ணி'யைத் தேர்ந்தபோது உம்மா அழுதுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பட்டியலின் கடைசியில் இரண்டு இருந்தன: 'பக்கத்தில் இரு', அதற்கடுத்து 'யாசீன் ஓது'. இரண்டாவதை உம்மா சொல்லித்தான் சேர்த்தேன். உயிர் பிரியும் நேரம், மவுத்தாகப் போகிறவரின் தலைமாட்டில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவது வழக்கம். ஆனால் 'ஓதட்டுமா' என்று நோயாளியிடம் கேட்க யாருக்கு நா எழும்?

"அவராக் கேட்டா நல்லம்தானே மகன்" என்றார் உம்மா.

மூன்றாவது வாரம் ஒரு பின்னேரம், நான் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், 'யாசீன் ஓது' தேர்வாகி நின்றது.

"ஒங்கட வாப்பாக்கு நேரம் தெரிஞ்சிட்டு" என்றார் உம்மா.

எனக்கு ஓதல் சரளமில்லை, எழுத்துக் கூட்டித்தான் ஓதுவேன். நன்றாக ஓதுகிற மச்சானுக்கு, தங்கையின் புருஷனுக்கு, கதிரையை விட்டுக்கொடுத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். அடுத்த நாளும் நான் உட்கார்ந்ததும் அதே சொல். எழும்பிவிட்டேன். வாப்பாவின் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. ஈமானுள்ளவரின், இறைநம்பிக்கை உள்ளவரின் கண்ணீர் என்றார்கள், நானும் நம்பினேன். மூன்றாம் நாள் ஓதிக்கொண்டிருக்கும்போதே அவர் மவுத்தானார். நான் வெளியில், வந்தவர்களின் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து ஒலுவிலில் ஒரு கூட்டாளி தன் உம்மாவுக்காக அந்த நிரலைக் கேட்டான். கொடுக்கும் முன் சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் பிந்தி, சொல் மறைந்த வெறும் திரையில் விசையை அழுத்தினேன். தேர்வானது அடுத்த சொல். அந்த ஒரு நொடியில் நிரல் எட்டிப் பார்ப்பதில்லை. விழுந்த விசையோ அழியாமல் காத்திருந்து, அடுத்த சொல் வந்த உடனே அதன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வாப்பாவின் விரல் தளரத் தளர இதுதான் நடந்திருக்கும். அவர் தண்ணீர் கேட்டிருப்பார், நாங்கள் அடுத்த சொல்லான தேத்தண்ணியைக் கொடுத்திருப்போம், குடித்திருப்பார். ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு அழுத்தலின் நேரத்தையும் நிரல் ஒரு கோப்பில் குறித்து வைத்திருந்தது. அதைத் திறந்தேன். கடைசி மூன்று நாளும் 'யாசீன் ஓது' திரையில் தோன்றிய அதே கணத்தில் தேர்வாகியிருந்தது. கண்ணால் பார்த்து அந்த வேகத்தில் அழுத்த எந்த மனிதனாலும் முடியாது. அவர் கேட்டது அதற்கு முந்தியதை. நான் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து போயிருக்கிறேன். பிழையைத் திருத்த ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது.

உம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. போன வாரமும் மாமி ஒருவர் வந்திருந்தார்.

"அவராக் கேட்டுத்தான் யாசீன் ஓதின. மூணு நாளும் கேட்டாரு. அப்படி மவுத்து எல்லாருக்கும் கெடைக்குமா?" என்று அவரிடம் சொன்ன உம்மா, என் பக்கம் திரும்பினார். "ஓம்தானே மகன்?"

"ஓம் உம்மா" என்றேன்.