நான் அச்சிட்ட காளான்

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். அவசரத்தில் செய்த பிழை ஒன்று, தெரிந்தே சொன்ன பொய் ஒன்று. பிழையோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் தாவரவியல் நடத்தினேன். என் ஆராய்ச்சி பூஞ்சைகளில். அதிலும் கடல்நீரில் கிடக்கும் மரத்தைத் தின்னும் பூஞ்சைகளில். பழைய துறைமுகப் பக்கம் கைவிட்ட தோணிகளின் பலகையைச் சீவி எடுத்து வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரிகிற காளானோடு எனக்குப் பழக்கம் குறைவு. நாங்கள் கடற்கரைக் குடும்பம். மீன் கிடைக்கிற வீட்டில் காளானை யார் தேடுவார்கள்? எங்கள் அடுப்பில் ஒரு நாளும் அது ஏறியதில்லை. ஆனாலும் ஊரில் எனக்குக் காளான் பேராசிரியர் என்று பெயர். நான் மறுக்கவில்லை.

சுற்றுச்சூழல் கல்வித் திட்டம் ஒன்று கல்லூரிக்கு வந்தபோது என்னிடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய், உதிர்ந்த ஓலையைப் பூஞ்சை எப்படி மண்ணாக்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதை நன்றாகவே சொன்னேன். கூடவே, ‘உண்ணத்தக்க காளான்கள்’ என்று ஒரு சார்ட் அடித்தால் திட்டத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது.

உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். மழை விட்டிருந்தது. மைதானத்து ஓரப் புல்லில் வெள்ளைக் காளான்கள் குடை விரித்திருந்தன. தண்டில் வளையம், தலையில் பழுப்புச் செதில், அடியில் வெள்ளை மடிப்புகள். புத்தகத்தில் உண்ணத்தக்கது என்று பார்த்த படத்தைப் போலவே இருந்தன. தலையை வெட்டி வெள்ளைத் தாளில் ஒரு நாள் கவிழ்த்து வைத்தால் மாவு போலத் தூள் உதிரும். அதன் நிறத்தைப் பார்த்த பிறகே பெயர் சொல்ல வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கு நானே நடத்துகிற பாடம் அது. அச்சகத்துக்கு மறுநாள் கொடுத்தாக வேண்டும் என்பதால் நான் காத்திருக்கவில்லை. படம் எடுத்தேன், பெயர் போட்டேன்.

அச்சான சார்ட்டோடு அதே பள்ளிக்குப் போய் வகுப்பெடுத்தேன். சத்துணவு சமைக்கிற பெண் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும்போது ஒரு சந்தேகம் கேட்டார்.

“சார், நாங்க புத்துல வாரதத்தான் எடுப்போம். இழுத்தா மண்ணுக்குள்ள இருந்து நீளமா வேரு வரணும். புல்லுல கெடக்கதுக்கு வேரு கிடையாதே?”

“காளானுக்கு வேரே கிடையாதும்மா. அது என்ன, கத்தரிச் செடியா?” என்றேன்.

பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் நின்ற சமையல் உதவியாளர் அம்மாள், “ஏளா, சாருக்கே பாடம் எடுக்கியா? உள்ள வா, சாம்பார் பொங்குது” என்றார். கேள்வி கேட்ட பெண்ணும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சார்ட்டில் ஒரு பிரதியைச் சமையல் கூடத்துச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

காளானுக்கு வேர் கிடையாது என்பது சரி. ஆனால் கறையான் புற்றிலிருந்து வளர்கிற காளானின் தண்டு வேர் போலவே மண்ணுக்குள் நீண்டிருக்கும். அந்தத் தண்டைப் பார்த்து எடுத்தவரை அவர் கையில் தவறு நடந்ததில்லை. அவருடைய சோதனையை நான் பறித்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு படத்தைக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்கு அந்தப் புல்லிலிருந்தே பறித்துப் போய் வீட்டில் குழம்பு வைத்திருக்கிறார். அவரும் கணவரும் மாமியாரும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள். நான் பார்க்கப் போனபோது, டாக்டரிடம் காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த, சமைக்காத மிச்சக் காளானைப் பையோடு என்னிடம் கொடுத்தார்.

“படத்தப் பாத்துத்தான் சார் எடுத்தேன்.”

ஆய்வகத்தில் தாளில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலையில் தாளில் பச்சைத் தூள். உண்ணத்தக்க வகையில் அது வெள்ளையாக இருக்கும். சார்ட்டில் நான் போட்டிருந்தது நஞ்சு. தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியில் விசாரணை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்தவர் சார்ட்டைக் காட்டிக் கேட்டார்: “சார், இதுல இருக்கதும் இவங்க எடுத்ததும் ஒண்ணுதானா?”

“இல்லை. பார்க்க ஒன்றுபோல இருக்கும். தவறாகப் பறித்திருக்கிறார்கள்.”

அந்த வருடம் துறைத் தலைவர் பதவி எனக்கு வர இருந்தது. அதற்காகச் சொன்னேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

அந்தப் பெண் எதிரேதான் நின்றார். சொந்த வீட்டுக்கே விஷம் வைத்தவளா எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குவது என்று பெற்றோர்கள் கேட்டார்கள். சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன் என்று அலுவலகத்தில் அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் சார்ட்டுகளை, திருத்திய பதிப்பு வரும் என்று சொல்லித் திரும்பப் பெற்றேன். அந்தப் பதிப்பு வரவில்லை.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பங்குச் சாமியாரிடம் சொன்னேன். ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அவ்வளவு சுலபமாக முடிந்தது எனக்கே கசந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒன்றிய அலுவலகத்துக்கு உண்மையை எழுதினேன். அவராகவே விலகியதாகக் கோப்பில் இருக்கிறது, அந்த இடத்தில் வேறு ஆள் வந்து பல வருடமாகிறது என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணை விசாரித்தேன். கூலி வேலைக்குப் போகிறார், மழைக்காலத்தில் புற்றுக் காளான் பறித்துப் பஸ் நிறுத்தத்தில் விற்கிறார் என்றார்கள். அவரிடம் முதலில் போயிருக்க வேண்டும். போகவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் அவர் பெயர் மீளும் என்று நினைத்து, பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் அனுமதி கேட்டு எழுந்து நின்றேன். படம் தவறு, பொய் சொன்னது நான், அந்த அம்மாள் மேல் குற்றமில்லை என்றேன்.

யாரோ அதைப் போனில் பிடித்திருக்கிறார்கள். ‘காளான் விஷம்தான், பேராசிரியரே ஒப்புக்கொண்டார்’ என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டார்கள். என் பேரன் வரைக்கும் வந்தது.

அந்த ஐப்பசியில் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஓலைப்பெட்டி நிறைய காளான். ஒவ்வொன்றிலும் நீண்ட தண்டு மண்ணோடு இருந்தது. வாங்க ஆள் இல்லை.

“உங்க பேச்ச எனக்கும் அனுப்புனாங்க சார்” என்றார். “நான் தப்பு செய்யலன்னு சொன்னிய. சரி. இப்ப பெட்டிய எட்டிப் பாக்கக்கூட ஆள் இல்ல.”

“எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொள்கிறேன்.”

“உங்களுக்கு எதுக்கு? கடக்கரை ஆளுவ. கொண்டு போய்க் கொட்டத்தானே போறிய?”

“இங்கேயே, எல்லோரும் பார்க்கச் சமைத்துக் கொடுங்கள். நான் சாப்பிடுகிறேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வயசான மனுசன். வேற எதுனால உங்களுக்கு வயித்தால போனாலும் நாந்தான் பதில் சொல்லணும். ஒரு தடவ சொன்னது போதும். போங்க சார்.”

பெட்டியின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினார். திருச்செந்தூர் பஸ் வந்தது, ஏறிப் போனார். அடுத்த மழைக்கும் போய்ப் பார்த்தேன். வரவில்லை. பக்கத்துப் பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். “அது இப்ப காளான் எடுக்கப் போறதில்ல. எடுத்து யாருக்கு விக்க?” என்றார்.